கொழும்பா, பேராதனையா? – கல்விக் கேள்வி பதில்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான நாளிலிருந்து இப்பகுதிக்கு வந்துசேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன: பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவதா, மலைநாட்டுக்கு அருகிலேயே படிக்க வைப்பதா? ஆகையால் வழமையான பலவகைக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த ஒரு விடயத்துக்கே இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகள் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். கடந்த வருட வெட்டுப்புள்ளிகளைப் (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த புள்ளிகளைப்) பார்த்தால் கொழும்பு, பேராதனை இரண்டில் எதுவும் கிடைக்கலாம் என்று பாடசாலையில் சொல்கிறார்கள். புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்று ஆசிரியையாக வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். கொழும்பில் படித்தால்தான் பிற்காலத்தில் மதிப்பு என்று அவளுடைய ஆசிரியர் ஒருவர் கூறுகிறார். பேராதனைதான் பக்கம் என்கிறார் என் மனைவி. எதை முதலாவதாக எழுதுவது?
– ஒரு தந்தை, மஸ்கெலியா

பதில்: பேராதனையை முதலாவதாக எழுதச் சொல்லுங்கள் ஐயா. ஆனால் பக்கம் என்பது மட்டுமே அதற்குக் காரணமாக இருக்கக்கூடாது.

கொழும்பு கிடைக்காதவர்களுக்கு எஞ்சியது பேராதனை என்ற எண்ணம் நம்மவரிடையே எப்படியோ பரவிவிட்டது. வரலாறு இதற்கு நேர்மாறானது. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னர், முழுமையான பல்கலைக்கழகம் ஒன்றை எங்கே அமைப்பது என்பதில் இந்நாட்டுப் படித்தவர்கள் பல வருடங்கள் வாதாடினார்கள். தலைநகரிலேயே இருக்கட்டும் என்றனர் ஒரு சாரார், நகரத்துக்கு வெளியே கண்டிப் பக்கத்தில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் வதிவிடப் பல்கலைக்கழகமாக அமையட்டும் என்றனர் மற்றொரு சாரார். 1942 இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம், சேர் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக இருந்த காலத்தில், 1952 இல் பேராதனைக்கு அதிகாரபூர்வமாக இடம்பெயர்ந்தது. அதாவது, நகரத்தை விட்டு விலகியிருப்பது நல்லது என்று தீர்மானித்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியிருந்தும் மருத்துவ பீடம் அப்போது கொழும்பிலேயே தங்கிவிட்டது; 1870 இலிருந்து பெரியாஸ்பத்திரியை நம்பி நடந்துவந்த மருத்துவக் கல்வியை அங்கிருந்து பெயர்த்தெடுக்க முடியவில்லை. பேராதனைக்கென்று தனி மருத்துவ பீடம் 1962 இல்தான் வந்தது. நகரம் இல்லாமல் நடக்க முடியாத படிப்பு நகரத்தில் நின்றது, மற்றவற்றில் பல மலைக்கு வந்தன. உங்கள் மகளின் விடயத்திலும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்: அவள் படிக்கப்போகும் பாடத்துக்குக் கொழும்பு தேவையா?

புவியியலுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். மண்சரிவும், ஆற்றுப்படுகையும், தேயிலை நிலமும், அவற்றின் நடுவே நெருக்கியடித்து வளரும் ஒரு நகரமும் அங்கே வளாகத்தைச் சுற்றியே கிடக்கின்றன. ஹந்தானை மலைச்சரிவில் ஏறி நின்றால் மகாவலி வளைந்து செல்வது தெரியும். மஸ்கெலியாவில் பிறந்த பிள்ளை, தன் ஊர் ஏன் ஒவ்வொரு மழைக்கும் பயந்து வாழ்கிறது என்பதை ஆராய்ந்து பட்டம் பெற இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? அவள் வரலாறு படிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. தோட்டங்களைப் பற்றிய பழைய அரசாங்கக் கடிதங்களை வாரம் இரண்டு பிற்பகல்கள் அங்கிருந்து புரட்டக்கூடிய மாணவிக்கு, அந்த வசதிக்காகவே கொழும்பை எழுதலாம்.

பிற்கால மதிப்பைப் பற்றி ஆசிரியர் சொன்னது ஆசிரியத் தொழிலுக்குப் பொருந்தாது. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். எந்த நகரத்தில் படித்தீர்கள் என்று அந்த வினாத்தாள் கேட்பதில்லை.

செலவையும் பார்க்கவேண்டும். மஹாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. விடுதி கிடைத்த மாணவிக்கு அது பெரிய உதவி. விடுதி கிடைக்காமல் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ போர்டிங் தேட நேர்ந்தால், அந்தத் தொகை வாடகைக்கே போதாமற் போகலாம். அதற்கு முன்பாக முற்பணம் என்று ஒரு தொகையை மொத்தமாகக் கேட்பார்கள். பேராதனை தொடக்கத்திலிருந்தே தங்கிப் படிப்பதற்கென்று கட்டப்பட்ட வளாகம் என்பதால் அங்கே விடுதிகள் அதிகம். இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் பெயர்களிலும் விடுதிகள் இருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் வழியாக வீடு வந்து, ஞாயிறன்று கறி, சம்பல் கட்டிக்கொண்டு திரும்புகிற பிள்ளைக்கு மிச்சமாகும் பணத்தைச் சிறிதென்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் ஆசிரியர் சொல்வதில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. கொழும்பில் நாலு பேரோடு பழகிச் சிங்களமும் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வளாகத்துக்குள்ளேயே வாழ்க்கை முடிந்துவிடுகிற இடத்தில், தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் பேசி, தமிழ்ச் சங்க விழாவுக்கும் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கும் போய்வந்து நான்கு வருடங்களைக் கழித்துவிட முடியும். கோயிலுக்குப் போகட்டும், விடுதி அறையில் ஒரு சிங்களத் தோழியும் இருக்கட்டும் என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: நான் தொழில்நுட்பப் பிரிவில் சித்தியடைந்தேன். தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கு நான் எழுதிவைத்திருக்கும் விருப்பத்தெரிவுப் பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். கம்பனிகள் எல்லாம் கொழும்பில் இருப்பதால் கொழும்பு நகருக்குள் இருப்பதை முதலில் எழுதியிருக்கிறேன். சரியா?
– மாணவன், தலவாக்கலை

பதில்: தம்பி, உங்கள் பட்டியலில் முதலாவது கொழும்புப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடம். இரண்டாவது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடம். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தையும் வவுனியாப் பல்கலைக்கழகத்தையும் கடைசி இரண்டு வரிகளில், வேறு வழியில்லாவிட்டால் பார்க்கலாம் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். முதலாவதற்குப் பக்கத்தில் பென்சிலால் ‘கொழும்பு 7’ என்றும் குறித்திருக்கிறீர்கள்.

அந்தப் பென்சில் குறிப்பை அழித்துவிடுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் கொழும்பு நகருக்குள் இருந்தாலும், அதன் தொழில்நுட்ப பீடம் ஹோமாகமவில், பிட்டிபனையில் இருக்கிறது. நீங்கள் இரண்டாவதாக எழுதிய ஜயவர்தனபுரவின் தொழில்நுட்ப பீடமும் அதே பிட்டிபனையில்தான். நகரம் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒன்றை முதலாவதாகவும் மற்றொன்றை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஊர். அங்கிருந்து புறக்கோட்டைக்கு 138 பஸ்ஸில் போய்ப் பார்த்தால் கொழும்பு எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள ஊரை நம்பி விண்ணப்பம் நிரப்புவது நம்மிடையே பரவலாக நடக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாளி வளாகம் ஹொரணையில் இருக்கிறது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சியில் இருக்கின்றன; கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாறுமூலையைத் தவிரத் திருகோணமலையிலும் ஒரு வளாகம் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு தமிழிலும் வெளிவருகிறது. அதில் கற்கைநெறியை மட்டும் பார்க்காமல், பீடம் இருக்கும் இடத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, கம்பனிகள் கொழும்பில் இருப்பது உண்மைதான். ஆனால் முதலிரண்டு வருடங்களில் அந்தக் கம்பனிகளால் உங்களுக்கு ஆகப்போவது எதுவுமில்லை. காலை எட்டு மணி வகுப்புக்கும் ஒப்படைகளுக்குமே நேரம் சரியாக இருக்கும். நகரம் பயன்படத் தொடங்குவது தொழிற்பயிற்சிக் காலத்தில். அது சில மாதங்கள்தான், அந்த மாதங்களுக்கு மட்டும் கொழும்பில் அறை எடுத்துக்கொள்ளலாம். பேராதனைப் பொறியியற் பீட மாணவர்கள் நெடுங்காலமாக இப்படித்தான் கீழே இறங்கிப் பயிற்சி முடித்துவிட்டு மேலே ஏறிவருகிறார்கள். அதனால் அவர்களுக்கு வேலை கிடைக்காமற் போனதாக நான் கேட்டதில்லை. தகவல் தொழில்நுட்பத்தில் நேர்முகத்துக்கு முன்பாகவே நீங்கள் எழுதிய கணினி நிரலைக் காட்டச் சொல்கிறார்கள். ஹோமாகமவில் போர்டிங்கில் இருந்து எழுதினாலும் பதுளையில் விடுதியில் இருந்து எழுதினாலும் அது ஒரே நிரல்தான்.

ஆகவே ஊவா வெல்லஸ்ஸயை அவ்வளவு கீழே தள்ளியது எனக்கு உடன்பாடில்லை. தலவாக்கலையிலிருந்து பதுளைக்கு நேரே ரயில் இருக்கிறது. பாடத்திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிட்டிபனை இரண்டையும் மேலே வைப்பதானால் வையுங்கள், ஆனால் கம்பனிக்கு அருகில் என்ற காரணத்துக்காக வைக்காதீர்கள். இன்னொன்று: உங்கள் இசட் புள்ளி (பரீட்சைப் புள்ளிகளைப் பாடங்களுக்கிடையே சமப்படுத்திக் கணிக்கும் மதிப்பு) எட்டுகிற அளவில் பட்டியலில் மிக மேலே இருக்கும் தெரிவுதான் உங்களுக்குக் கிடைக்கும். பயந்துபோய்க் குறைந்த வெட்டுப்புள்ளி உள்ளதை மேலே எழுதவேண்டிய அவசியமில்லை. உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே எழுதுங்கள். கிடைத்து, பதிவும் செய்துவிட்ட பிறகு மாற்றம் கேட்டு அலைவது எளிதான காரியமன்று.

கேள்வி: மகன் சாதாரணதரப் பரீட்சையில் ஒன்பது ஏ சித்திகள் பெற்றிருக்கிறான். மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறான். கொட்டாஞ்சேனையில் என் அண்ணன் வீட்டில் தங்கவைத்து, கொழும்பில் ஒரு பாடசாலையில் உயர்தரம் படிக்கவைத்தால் பல்கலைக்கழகம் போகும் வாய்ப்புக் கூடுமா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: முடிவெடுப்பதற்கு முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. மருத்துவம் உட்படப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி பகிரப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும். கொழும்பு அடங்காது, கண்டியும் அடங்காது. விண்ணப்பதாரியின் மாவட்டம் அவர் படித்த பாடசாலையை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. உயர்தரத்துக்காகக் கொழும்புக்குப் போகும் மகன், அங்குள்ள பிரபல பாடசாலைகளின் பிள்ளைகளோடு அதே மாவட்டப் பங்குக்குப் போட்டியிட நேரும். மருத்துவத்துக்கான கொழும்பு வெட்டுப்புள்ளி நுவரெலியாவினதைவிட வழமையாகவே உயர்ந்திருப்பது.

அதற்காக நல்ல ஆசிரியர் இல்லாத இடத்திலேயே பிள்ளையை வைத்திருங்கள் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. இரசாயனவியலுக்கோ பௌதிகவியலுக்கோ ஆசிரியர் இல்லாமல் மாவட்டக் கோட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ பீடத்துக்குள் நுழைய முடியாது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உயிரியல் பிரிவு ஒழுங்காக நடக்கும் தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் சேர்த்துவிட்டு, விடுமுறையில் அண்ணன் வீட்டில் தங்கவைத்துக் கொழும்பில் மீட்டல் வகுப்புகளுக்கு அனுப்புவது இரண்டுக்கும் நடுவிலான வழி. மாவட்டத்தைத் தீர்மானிப்பதற்கு எத்தனை வருடப் படிப்பு கணக்கில் எடுக்கப்படுகிறது என்ற நிபந்தனையைக் கையேட்டில் வாசித்த பிறகே விடுகைப் பத்திரம் வாங்குங்கள்.

கேள்வி: கொழும்பில் பெண்பிள்ளையைத் தனியாக விடப் பயமாக இருக்கிறது. வளாகத்தில் பகிடிவதை என்றும் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், ஹப்புத்தளை

பதில்: பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். அது நகரத்து வளாகங்களுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. மலையிலுள்ள வளாகங்களையும் சேர்த்துத்தான் விசாரிக்க வேண்டும். நகரத்தைப் பற்றிய பயம் வேறு. நம் தோட்டங்களிலிருந்து ஒரு தலைமுறை முழுவதும் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும்தான் கொழும்புக்குப் போனது. அங்கே பட்ட அவமானங்களைக் கேட்டு வளர்ந்த தாய்மார் பயப்படுவதில் வியப்பில்லை. பல்கலைக்கழக அனுமதி அட்டையோடு போகிற மகள் அந்த வழியாகப் போகவில்லை. அவளுடைய துறைக்கு நகரம் தேவையென்றால் பயத்தைக் காரணமாக வைத்து மறிக்காதீர்கள். சட்டம் படிக்கிற பிள்ளைக்குப் புதுக்கடை நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய பலம். கட்டடக்கலை படிக்க விரும்பினால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழுள்ள பல்கலைக்கழகங்களில் மொரட்டுவைக்குத்தான் போயாக வேண்டும்.

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலையை விடாமல் பட்டம் படிக்க முடியுமா? மாலபேயிலும் ஹோமாகமவிலும் உள்ள தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்க்கிறேன்.
– ஓர் இளைஞர், நோர்வூட் (தற்போது கொழும்பு)

பதில்: உங்களுக்கு நகரம் ஏற்கனவே கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் நாவலையில் இருக்கிறது, வேலை செய்பவர்களுக்கென்றே 1980 இல் தொடங்கப்பட்டது. நாளை வேலை மாறி ஊருக்குத் திரும்ப நேர்ந்தாலும் கண்டியில் அதன் பிராந்திய நிலையம் உண்டு. தனியார் நிறுவனங்களில் தரமானவையும் இருக்கின்றன. ஆனால் கட்டணத்தை முழுப் பட்டத்துக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள், பட்டத்தை வழங்குவது யார் என்றும் கேளுங்கள். கடை மூடி, புறக்கோட்டையிலிருந்து மாலபேக்கு மாலை நேர நெரிசலில் எத்தனை மணிக்குப் போய்ச்சேர்வீர்கள் என்பதை ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்த பின் பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: கொழும்பு, பேராதனை என்று நம் பிள்ளைகள் அலைவதற்குப் பதிலாக ஹட்டனில் மலையகத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா? நாம் ஏன் அதை உரத்துக் கேட்கக்கூடாது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டகலை

பதில்: கேட்கலாம் ஐயா, கேட்கவும் வேண்டும். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதில் தெளிவு இருக்கவேண்டும். அரச பல்கலைக்கழக அனுமதி நாடு தழுவிய முறையில், இசட் புள்ளியின்படி நடப்பது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 இல் நிறுவப்பட்டதால் பதுளைப் பிள்ளைக்கு அங்கே தனி இட ஒதுக்கீடு கிடைத்துவிடவில்லை. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் அங்கே மாணவர்கள் வருகிறார்கள். ஹட்டனில் ஒரு பல்கலைக்கழகம் அமைந்தாலும், நம் பிள்ளைகள் பேராதனைக்கும் மட்டக்களப்புக்கும் போய்க்கொண்டிருக்க, மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் பிள்ளைகள் ஹட்டனுக்கு வருவார்கள்.

அதனால் பயனில்லை என்று சொல்லவில்லை. வளாகம் வந்த ஊருக்கு நூலகம் வரும், வேலைகள் வரும், அறை வாடகை வரும், தோட்டத்துச் சிறுவன் ஒருவன் பல்கலைக்கழக மாணவர்களைத் தினமும் கண்டு வளர்வான். எந்தப் பீடம் வருகிறது என்பதையும் நாம்தான் சொல்லவேண்டும். கலைப்பீடம் ஒன்றைத் திறந்துவிட்டு அலுவல் முடிந்தது என்று போய்விடுவார்களோ என்பதே என் சந்தேகம். 1925 இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. லக்சபானவிலும் மேல் கொத்மலையிலும் நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. மண்சரிவைப் பற்றிப் படிக்க வருபவர்கள் நம் ஊரை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை. பேராதனையில் விவசாய பீடம் சிறந்து விளங்குவதற்கு அருகிலேயே தாவரவியல் பூங்காவும் கன்னொறுவை ஆராய்ச்சிப் பண்ணையும் விவசாயத் திணைக்களமும் இருப்பது ஒரு காரணம். நுவரெலியா மாவட்டத்திலும் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் மின்சக்திக்கும் அத்தகைய அயல் ஏற்கனவே உண்டு. தனிப் பல்கலைக்கழகத்துக்குக் காலம் எடுக்குமென்றால், யாழ்ப்பாணம் கிளிநொச்சியில் பீடங்களை அமைத்ததுபோல, பேராதனையோ ஊவா வெல்லஸ்ஸயோ இங்கே ஒரு பீடத்தைத் தொடங்கலாம்.

ஆயினும் பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகளின் தொகை கூடவேண்டும் என்பதே நோக்கமானால், கோரிக்கைக் கடிதத்தின் முதல் வரியில் வளாகத்தை எழுதாதீர்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலை, பூண்டுலோயா, பசறை ஆகிய ஒவ்வோர் இடத்திலும் தமிழ்மொழியில் உயிரியல், கணிதப் பிரிவுகளை நடத்தும் ஒரு பாடசாலையாவது வேண்டும் என்றும், அதில் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும் என்றும் எழுதுங்கள். ஹட்டன் வளாகத்தை இரண்டாவது வரியில் எழுதலாம்.